'அது இருக்கட்டும்' என்று தள்ளிவிட்டீர்களே, அதைப் பேசுவோம்

கேள்வி: பேட்மின்டன் வீரர்கள் இருவரின் பகையைச் சொல்லும் ஓர் அனிமே தொடருக்கு, ஆர்க்கைவ் ஆஃப் அவர் ஓன் தளத்தில் ரசிகர் புனைவு எழுதிவருகிறேன். 14 அத்தியாயம் ஆகிவிட்டது. என்னைப் பொறுத்தவரை அவர்கள் பரம எதிரிகள். வாசகர்களோ 'இது காதலேதான்' என்று கமெண்டில் அடித்துக்கொள்கிறார்கள். 9-ஆம் அத்தியாயத்தில் வரும் "நீ தோத்த நாளெல்லாம் கூட இருந்தது நான்தான்" என்ற வசனத்தில்தான் ஆரம்பித்தது. (அது ஒரு சண்டையில் என் தங்கை என்னிடம் சொன்னது. அவள்தான் எனக்கு பீட்டா, திருத்தித் தருபவள். அதைக் கதையில் வைத்ததிலிருந்து படிப்பதையே விட்டுவிட்டாள். அது இருக்கட்டும்.) அந்த அத்தியாயத்தை நீக்கிவிடவா? இல்லை, கதையையே வேறு புனைபெயருக்கு மாற்றிவிடவா?

பதில்: எது இருக்கட்டும்? நீங்கள் அடைப்புக்குறிக்குள் போட்டு மூடிய அந்த மூன்று வரிதான் விஷயமே. கமெண்ட் சண்டை அதன் வால்.

அந்த வசனத்தைத் தங்கை அக்காவிடம் சொன்னால் அது சண்டை. வலைக்கு அந்தப் பக்கம் நிற்கிறவன் சொன்னால்? அவன் எப்போது கூட இருந்தான்? இவன் தோற்ற நாளில் அவன் கோப்பையோடு கிளம்பியிருப்பான். வாசகர் முட்டாள் இல்லை. நீங்கள் எழுதாமல் விட்ட இரவுகளை அவர்களே எழுதிக்கொண்டார்கள். ஒரே வீட்டில் வளர்ந்தவளின் பேச்சை அந்நியன் வாயில் வைத்தீர்கள், அவன் உறவாகிவிட்டான்.

பகையா, ஈர்ப்பா என்று பார்க்க ஒரு வழி இருக்கிறது. இருவரும் எதற்காக மோதுகிறார்களோ, கோப்பையோ, அணியில் ஓர் இடமோ, அதைக் காட்சியிலிருந்து எடுத்துவிட்டுப் படியுங்கள். காட்சி சரிந்தால் பகை. அப்படியே நின்றால் அவர்களுக்குக் கோப்பை ஒரு சாக்கு. அடுத்து, இரண்டு நிறத்தில் கோடு போடுங்கள்: ஆட்டம், புள்ளி பற்றிய வரிகளுக்கு ஒன்று, ஒருவன் மற்றவனின் மணிக்கட்டு, மூச்சு, பழக்கம் இவற்றைக் கவனிக்கும் வரிகளுக்கு மற்றொன்று. இரண்டாவது நிறம் மிகுந்தால் நீங்கள் என்ன சத்தியம் செய்தாலும் எடுபடாது. கோபத்தைவிடக் கவனிப்புதான் காட்டிக்கொடுக்கும். இருவர் மனதுக்குள்ளும் மாறி மாறிப் போய்வந்தால் நெருக்கம் இன்னும் ஏறும்.

இன்னொன்று. இரண்டு பெயருக்கும் நடுவே சாய்கோடு (/) போட்டு டேக் செய்திருக்கிறீர்களா? 1970களில் ஸ்டார் ட்ரெக் தொடரின் ரசிகர்கள் அதன் நாயகர்களான கர்க், ஸ்பாக் பெயர்களுக்கிடையே போட்ட காலத்திலிருந்து அந்தக் கோட்டுக்குக் காதல் என்றுதான் பொருள். நட்பு, குடும்பம், பகை எல்லாவற்றுக்கும் 'அண்ட்' (&) குறிதான். கூட்டம் வரும் என்று சாய்கோடு போட்டிருந்தால் வாசகரைக் குறை சொல்லும் வாய் உங்களுக்கு இல்லை. இன்றே மாற்றுங்கள்.

அத்தியாயத்தை நீக்க வேண்டாம். நீக்கினால் அதற்கு வந்த கமெண்டுகளும் சேர்ந்து போய்விடும், திரும்பி வராது. எடிட்டில் போய் வரியை மட்டும் மாற்றலாம். சந்தாதாரர்களுக்கு மின்னஞ்சல் போகாது. ஏற்கெனவே தரவிறக்கி வைத்திருப்பவர்களிடம் பழைய வரி இருக்கத்தான் செய்யும். புனைபெயரும் உதவாது. ஒரே கணக்கில் எத்தனை பெயர் வைத்தாலும் எல்லாம் அந்தக் கணக்கின் கீழேதான் தெரியும். 'அநாதை'யாக்கினால் உங்கள் பெயர் போய்விடும், கதை இருக்கும்; ஆனால் அதை மறுபடி உங்களுடையதாக்க முடியாது. கமெண்ட் தொல்லைக்கு, நீங்கள் பார்த்து அனுமதித்த பிறகே வெளியாகும்படி வைத்தால் போதும்.

இதெல்லாம் பத்து நிமிட வேலை. தங்கை விஷயம் அப்படி இல்லை. 'அதைக் கதையில் வைத்ததிலிருந்து படிப்பதையே விட்டுவிட்டாள்' என்று எவ்வளவு சுலபமாக எழுதிவிட்டீர்கள்! உங்கள் முகத்துக்கு நேராக, மனம் நொந்து அவள் சொன்ன வசனம் அது. அதற்கு நீங்கள் பதில் சொன்னீர்களா? கடிதத்தில் அது இல்லை. பதில் சொல்ல வேண்டிய இடத்தில் அத்தியாயம் எழுதிப் பாராட்டு வாங்கியிருக்கிறீர்கள். முகம் தெரியாதவர்களுக்கு இரவெல்லாம் கதை எழுதத் தெரிந்த மூத்தவளுக்கு, கூடப் பிறந்தவளிடம் ஒரு வார்த்தை பேச நேரம் இல்லையா? வீட்டுச் சண்டையைக் கதையாக்குவது குற்றம் இல்லை. கேட்காமல் ஆக்கியதும், அவள் விலகிய பிறகும் அப்படியே விட்டதும் தப்பு. மூத்தவர்தான் முதலில் இறங்கிப் போக வேண்டும். இது பழைய காலத்துப் பேச்சு என்று தோன்றினால் தோன்றட்டும்.

மெசேஜ் அனுப்பாதீர்கள், நேரில் போங்கள். அவள் சொன்னது சரியா தப்பா என்பதற்கு முதலில் பதில் சொல்லுங்கள். வரி இருக்கலாமா என்பதை அதற்கு அப்புறம் கேளுங்கள். எடு என்றால் எடுத்துவிடுங்கள், கதையிலேயே அதிகம் பாராட்டு வாங்கிய வரியாக இருந்தாலும். போகும்போது 15-ஆம் அத்தியாயத்தைக் கையில் கொண்டுபோகாதீர்கள்.