ஹவாய்க்குப் பக்கத்து மாநிலம் கலிபோர்னியாவா, அலாஸ்காவா?

கேள்வி: அமெரிக்காவில் எங்கள் தமிழ்ப் பள்ளி ஆண்டு விழாவில் வினாடி வினா நடத்தினோம். ‘ஹவாய்க்கு மிக அருகில் உள்ள மாநிலம் எது?’ என்று ஒரு கேள்வி. ஒரு அணி கலிபோர்னியா என்றது, இன்னொரு அணி அலாஸ்கா என்றது. விடைத்தாளில் இருந்தது அலாஸ்கா. உடனே பெற்றோர்கள் ஆளுக்கொரு ஃபோனை எடுத்துத் தேடினார்கள். ஆளுக்கொரு தூரம் வந்தது. வாக்குவாதம் நீண்டுகொண்டே போனதால் இரண்டு அணிக்கும் மதிப்பெண் கொடுத்துவிட்டோம். உண்மையில் எது சரி? அடுத்த ஆண்டும் நான்தான் கேள்வி தயாரிக்க வேண்டும். இந்த மாதிரி தூரக் கேள்விகளை எப்படிச் சரிபார்ப்பது? எப்படி எழுதினால் சண்டை வராது?

பதில்: அலாஸ்காதான் சரி. இரண்டு அணிக்கும் மதிப்பெண் கொடுத்ததால் விழா நல்லபடியாக முடிந்திருக்கும், அது வேறு விஷயம். ஆனாலும் கலிபோர்னியா என்று சொன்ன பிள்ளைகளைக் குறை சொல்ல முடியாது. அவர்கள் பார்த்து வளர்ந்த மேப் அப்படி.

வகுப்பறைச் சுவரில் இருக்கும் அமெரிக்க மேப்பைப் பாருங்கள். 48 மாநிலங்கள் நடுவில் இருக்கும். கீழே இடது மூலையில் இரண்டு சின்னக் கட்டங்கள்: ஒன்றில் அலாஸ்கா, மற்றதில் ஹவாய். அலாஸ்காவின் பரப்பளவு டெக்சாஸைப் போல இரண்டு மடங்குக்கும் அதிகம். அதைக் கட்டத்துக்குள் அடைக்கச் சுருக்கிவிடுகிறார்கள். சுருக்கினால்கூடப் பரவாயில்லை, பல மேப்புகளில் வெட்டியும் விடுகிறார்கள். அலாஸ்காவின் தென்மேற்கு முனையிலிருந்து அலூஷியன் தீவுகள் மேற்கு நோக்கிச் சுமார் 1,900 கிலோமீட்டர் வரிசையாகப் போகின்றன. கட்டத்தின் ஓரம் வந்ததும் அந்த வால் பாதியில் காணாமல் போய்விடும். ஹவாய்க்கும் இதே கதிதான். எட்டுப் பெரிய தீவுகளைப் போட்டதும் கட்டம் நிரம்பிவிடும். ஆனால் ஹவாய்த் தீவுச்சங்கிலி அங்கே முடிவதில்லை. சின்னச் சின்னத் தீவுகளும் பவளத்திட்டுகளுமாக வடமேற்கே நீண்டு, மொத்தம் சுமார் 2,400 கிலோமீட்டர் ஓடுகிறது.

வெட்டுப்பட்ட இந்த இரண்டு வால்களும் ஒரே பக்கம்தான் போகின்றன. 180 டிகிரி தீர்க்கரேகையின் பக்கத்தில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுக்கு நேர் மேலே மற்றொன்றாக வருகின்றன. உங்கள் கேள்விக்கான விடை இருப்பது அங்கேதான், மேப் அச்சிட்டவர் இடமில்லை என்று விட்டுவிட்ட பகுதியில். (கட்டங்கள் இரண்டும் அடுத்தடுத்து இருப்பதைப் பார்த்து அலாஸ்கா என்று சொல்லும் பிள்ளைகளும் உண்டு. விடை சரி, காரணம் தப்பு. மதிப்பெண் என்னவோ கிடைத்துவிடும்!)

கணக்கைப் பேப்பரிலேயே போடலாம். ஹவாய்ச் சங்கிலியின் கடைசியில் இருப்பது குரே பவளத்தீவு. அது 28 டிகிரி 25 நிமிட வடக்கு அட்சரேகையிலும், 178 டிகிரி 20 நிமிட மேற்குத் தீர்க்கரேகையிலும் இருக்கிறது. அலாஸ்காவின் தென்கோடி அமாட்டிக்னாக் தீவு: 51 டிகிரி 16 நிமிடம் வடக்கு, 179 டிகிரி 6 நிமிடம் மேற்கு. வடக்குத் தெற்காக வித்தியாசம் 22 டிகிரி 51 நிமிடம், ஒரு டிகிரிக்கு 60 நிமிடம் என்பதால் 1,371 நிமிடம். அட்சரேகையில் ஒரு நிமிடம் என்பது ஒரு கடல் மைல், அதாவது 1.852 கிலோமீட்டர். பெருக்கினால் ஏறத்தாழ 2,540 கிலோமீட்டர் வருகிறது. கிழக்கு மேற்காக இருக்கும் சின்ன விலகலைச் சேர்த்தாலும் ஒரு கிலோமீட்டர்கூட அதிகமாகாது. கலிபோர்னியாக் கரையிலிருந்து ஹவாயின் மிக அருகிலுள்ள இடத்துக்கே சுமார் 3,700 கிலோமீட்டர். வித்தியாசம் ஆயிரத்துக்கும் மேல்.

இதைச் சொன்னதும் இரண்டு மறுப்புகள் வரும். குரேவுக்கு முன்னாலேயே இருக்கும் மிட்வே பவளத்தீவு ஹவாய் மாநிலத்தைச் சேர்ந்தது இல்லையே, அதையும் தாண்டி இருக்கும் குரே மட்டும் எப்படிச் சேரும் என்பது முதலாவது. நியாயமான சந்தேகம்தான். 1959-இல் ஹவாய் மாநிலமானபோது, எந்தெந்தத் தீவுகள் அதில் சேராது என்று சட்டத்திலேயே பெயர் சொல்லி விலக்கினார்கள். மிட்வே அந்தப் பட்டியலில் இருக்கிறது, குரே இல்லை. அதனால் குரே மாநிலத்துக்குச் சொந்தம். மாநில அரசின் வனவிலங்குச் சரணாலயமாகவும் இருக்கிறது. இன்னும் வேடிக்கை, மிட்வே நீங்கலான அந்த வடமேற்குத் தீவுகள் நிர்வாகக் கணக்கில் ஹொனலுலு நகர-கவுண்டியில் சேர்கின்றன! ஆக, நகர-கவுண்டி எல்லையை வைத்து அளந்தால் ஹொனலுலுவுக்கே அலாஸ்காதான் பக்கம்.

அடுத்தது, குடியிருக்க ஆளில்லாத திட்டையெல்லாம் கணக்கில் எடுக்கலாமா என்பது. சரி, எடுக்க வேண்டாம். எட்டுப் பெரிய தீவுகளோடு நிறுத்திக்கொள்வோம். கவாய் தீவின் வடகரையிலிருந்து அலூஷியன் வரிசையில் உள்ள உம்னாக் தீவுக்குச் சுமார் 3,500 கிலோமீட்டர். ஹவாய் என்றே பெயர் கொண்ட பெரிய தீவின் கிழக்கு முனையிலிருந்து கலிபோர்னியாவின் பாயின்ட் அரீனா பக்கத்துக்குச் சுமார் 3,680. அப்போதும் அலாஸ்காவே ஜெயிக்கிறது. முன்பு ஆயிரத்தைத் தாண்டிய வித்தியாசம் இப்போது 180 கிலோமீட்டர் அளவுக்குச் சுருங்கிவிட்டது, அவ்வளவுதான். பூமியைச் சுத்தமான உருண்டை என்று வைத்துக் கணக்குப் போட்டால் அரை சதவீத அளவுக்குப் பிசகலாம்; 3,500-இல் அது 17, 18 கிலோமீட்டர்தான். முடிவு மாறாது.

அப்படியானால் உங்கள் பெற்றோர்களின் ஃபோன்கள் ஏன் ஆளுக்கொன்று சொல்லின? தேடும் இடத்தில் ‘ஹவாய் அலாஸ்கா தூரம்’ என்று மாநிலப் பெயரை மட்டும் போட்டால், அந்தச் செயலி ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஏதோ ஒரு புள்ளியைத் தானே தேர்ந்துகொள்ளும். நடுமையமாக இருக்கலாம், தலைநகராக இருக்கலாம், பெரிய நகரமாகவும் இருக்கலாம். அலாஸ்கா மாதிரி பரந்த மாநிலத்தின் நடுமையம் அதன் தென்கரையிலிருந்து வெகு தூரம் உள்ளே இருக்கிறது. ஹொனலுலுவிலிருந்து ஆங்கரேஜ் சுமார் 4,480 கிலோமீட்டர், சான்பிரான்சிஸ்கோ சுமார் 3,850. தலைநகரம் தலைநகரமாகப் பார்த்தால் ஜூனோ 4,520, சாக்ரமென்டோ 3,960. நகரத்தை வைத்தாலும் மையத்தை வைத்தாலும் கலிபோர்னியாதான் முன்னால் வரும். விமானத்தில் போய் வந்தவர்கள் மனதில் பதிந்திருப்பதும் நகரத்துக்கு நகரம் உள்ள தூரம்தானே. அவர்கள் சொன்ன எண்கள் பொய்யில்லை. அவை வேறு கேள்விக்கான பதில்கள். ‘மாநிலம்’ என்று கேட்டுவிட்டு மேலே ஒன்றும் சொல்லாவிட்டால், எல்லைக்கு எல்லை மிகக் குறைந்த தூரம் என்றே நான் எடுத்துக்கொள்வேன். பக்கத்து வீடு எவ்வளவு தூரம் என்று கேட்டால் யாரும் சமையலறைக்குச் சமையலறை அளப்பதில்லை.

தட்டையான உலக மேப்புக்கும் இதில் பங்குண்டு. மெர்காட்டர் முறையில் வரைந்த மேப்பில் வடக்கே போகப் போக எல்லாம் இழுபடும். 60 டிகிரி அட்சரேகையில் ஒரு கிலோமீட்டர் இரண்டு கிலோமீட்டராகத் தெரியும். ஹவாயிலிருந்து அலாஸ்காவுக்கு மேல்நோக்கிப் போகும் கோடு முழுக்க இந்த இழுப்பில் மாட்டிக்கொள்கிறது. கலிபோர்னியாவுக்குப் போகும் கோடு அவ்வளவு வடக்கே ஏறாததால் குறைவாகவே இழுபடுகிறது. உலக உருண்டையில் ஒரு நூலைப் பிடித்துப் பார்த்தால் சந்தேகம் தீர்ந்துவிடும்.

‘ஆப்பிரிக்காவுக்கு மிக அருகில் உள்ள அமெரிக்க மாநிலம் எது?’ என்ற இன்னொரு பிரபலமான புதிரும் இதே ரகம். புளோரிடா என்று பலர் கை தூக்குவார்கள். விடை மெயின். அங்குள்ள குவாடி ஹெட் முனையிலிருந்து மொராக்கோவின் எல் பெடூசா சுமார் 5,080 கிலோமீட்டர். புளோரிடாக் கரையிலிருந்து ஆப்பிரிக்காவின் எந்த இடத்துக்கு அளந்தாலும் 6,300-க்குக் கீழே வராது. அமெரிக்காவின் கிழக்குக் கரை செங்குத்தாக இல்லாமல் வடகிழக்காகச் சாய்ந்திருப்பதை நாம் மறந்துவிடுகிறோம். இந்தக் கேள்வியைத் தைரியமாக வைக்கலாம். புளோரிடாவை விட ஆயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர் குறைவு என்பதால் எப்படி அளந்தாலும் புளோரிடா விடையாகாது.

‘கிழக்குக் கோடியில் உள்ள மாநிலம் எது?’ என்ற கேள்வியை மட்டும் எடுக்காதீர்கள். அலூஷியன் தீவுகளில் சில 180 டிகிரியைத் தாண்டிக் கிழக்குத் தீர்க்கரேகைக்குள் போய்விடுவதால் அலாஸ்கா என்று ஒரு கட்சி, மெயின் என்று ஒரு கட்சி. இருவரிடமும் வலுவான வாதம் இருக்கும். பிள்ளைகள் நிகழ்ச்சியில் அந்தத் தலைவலி எதற்கு? மிச்சிகனுக்கும் இல்லினாய்ஸுக்கும் இடையே எவ்வளவு தூரம் என்பதும் இப்படித்தான். தரையில் அளந்தால் நடுவில் இண்டியானா வரும், சுமார் 60 கிலோமீட்டர். ஆனால் மிச்சிகன் ஏரியின் நடுவே இரண்டு மாநில எல்லைகளும் தொட்டுக்கொள்கின்றன. சட்டப்படி தூரம் பூஜ்யம்.

சரிபார்க்க நீங்கள் செய்ய வேண்டியது அதிகமில்லை. உருண்டையாகக் காட்டும் மேப் செயலியில் தூரம் அளக்கும் வசதியைத் திறந்து, கரையின் மேல் நீங்களே புள்ளி வையுங்கள். பெயரைத் தட்டச்சு செய்து கிடைக்கும் எண்ணை நம்பாதீர்கள். முதலில் வைத்த புள்ளியோடு நிறுத்தாமல் கரையோரமாக இரண்டு பக்கமும் நகர்த்திப் பார்த்து, எங்கே தூரம் மிகக் குறைகிறது என்று கண்டுபிடியுங்கள். தீவுகள் இருந்தால் சங்கிலியின் கடைசி வரை போங்கள், ஒவ்வொன்றும் எந்த மாநிலத்தைச் சேர்ந்தது என்பதையும் பார்த்துவிடுங்கள். முதலிடத்துக்கும் இரண்டாமிடத்துக்கும் வித்தியாசம் 50 கிலோமீட்டருக்குள் இருந்தால் நானாக இருந்தால் அந்தக் கேள்வியையே விட்டுவிடுவேன்.

அப்புறம், எழுதும் விதம். எங்கிருந்து எங்கே, எதன் வழியாக என்ற மூன்றும் கேள்விக்குள்ளேயே வந்துவிட வேண்டும். ‘ஹவாய் மாநிலத்தைச் சேர்ந்த ஏதாவது ஒரு தீவிலிருந்து, கடல்மேல் நேராக அளந்தால், மிகக் குறைந்த தூரத்தில் கரை உள்ள வேறு மாநிலம் எது?’ என்று கேளுங்கள். அலாஸ்கா தவிர வேறு விடைக்கு இடமில்லை. அடுத்த கேள்வியாகவே ‘ஹொனலுலுவுக்கு மிக அருகில் உள்ள வேறு மாநிலத் தலைநகரம் எது?’ என்று போடுங்கள். அதற்கு விடை சாக்ரமென்டோ. விடைத்தாளில் மாநிலப் பெயரோடு அளந்த இரண்டு இடங்களின் பெயரையும் தூரத்தையும் குறித்து வைத்துக்கொண்டால், யாராவது ஃபோனை நீட்டும்போது எந்த இரண்டு புள்ளிக்கு நடுவே அளந்தீர்கள் என்று அவரிடமே கேட்டுவிடலாம்.