இன்னும் எட்டு அவுட்தான் இருந்தது

கேள்வி: வேலைக்காக 2010ல் சியாட்டில் பக்கம் வந்தேன். ஆபீஸ் நண்பர் ஒருவர் ஃபீலிக்ஸ் ஹெர்னாண்டஸ் பந்து வீசும் ஆட்டத்துக்குக் கூட்டிப்போனார். அன்றிலிருந்து சியாட்டிலின் பேஸ்பால் அணியான மரைனர்ஸ் என்றால் எனக்கு உயிர். 2025 அக்டோபரில், வேர்ல்ட் சீரீஸ் என்ற இறுதித் தொடருக்குப் போவது யார் என்று முடிவு செய்யும் ஏழாவது ஆட்டத்தில் டொரான்டோவிடம் தோற்ற பிறகு மனசு சரியாகவே இல்லை. மேனேஜர் டான் வில்சன் அந்த நேரத்தில் ஏன் பந்து வீச்சாளர் முன்யோஸை இறக்கவில்லை என்று படுக்கையில் கிடந்து யோசித்துக்கொண்டே இருக்கிறேன். அன்று ராத்திரி என் பதினோரு வயது மகள், "அடுத்த வருஷம் ஜெயிப்பாங்கப்பா" என்றாள். "இனிமே இந்த டீம் பேச்சே வீட்டில் வேண்டாம்" என்று கத்திவிட்டேன். மறுநாள் அவள் சுவரில் ஒட்டியிருந்த மரைனர்ஸ் வீரர் கேல் ராலி படத்தை எடுத்துவிட்டாள். அதற்கப்புறம் பேஸ்பால் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. "யாரோ விளையாடித் தோத்ததுக்கு வீட்டில் ஏன் இந்த முகம்?" என்று மனைவி கேட்கிறார். நண்பர்களோடு சேர்ந்து சீசன் டிக்கெட்டில் பங்கு வைத்திருக்கிறேன். அதைப் புதுப்பிக்கவா, இதோடு எல்லாவற்றையும் விட்டுவிடவா?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகர், பெல்வியூ, வாஷிங்டன்

பதில்:

அன்புள்ள சகோதரருக்கு,

"வெறும் விளையாட்டுதானே" என்று நான் சொல்லப்போவதில்லை. ஏப்ரலிலிருந்து செப்டம்பர் வரை ஏறக்குறைய தினமும் ஓர் ஆட்டம், மொத்தம் 162. சமைக்கும்போது, கார் ஓட்டும்போது, பிள்ளையைத் தூங்க வைக்கும்போது என்று அரை வருடம் கூடவே இருந்த ஒன்று ஒரே ராத்திரியில் நின்றுபோனால் வீடு வெறிச்சோடித்தான் போகும். அதிலும் உங்கள் அணி சாதாரணமாகத் தோற்கவில்லை. 1977ல் தொடங்கிய மரைனர்ஸ், மேஜர் லீக்கின் முப்பது அணிகளில் வேர்ல்ட் சீரீஸ் பக்கமே போகாத ஒரே அணி. அங்கே போக இன்னும் எட்டு அவுட் எடுத்தால் போதும் என்ற இடத்தில் கைநழுவியது. வருத்தப்படாமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

முதலில் அந்த ஏழாவது இன்னிங்ஸைப் பேசிவிடுவோம். அதைப் பேசாமல் மற்றதைச் சொன்னால் உங்கள் காதில் ஏறாது.

அக்டோபர் 20, டொரான்டோ. மரைனர்ஸ் 3-1 என்று முன்னிலை. ஜூலியோ ரோட்ரிகஸ் ஒரு ஹோம் ரன் (வேலிக்கு வெளியே போகும் அடி), ராலி ஒரு ஹோம் ரன். ஐந்தாவது இன்னிங்ஸில் வந்த பிரையன் வூ நன்றாகத்தான் வீசிக்கொண்டிருந்தார். ஏழாவதில் எதிரணிக்கு ஒரு வாக் (நான்கு தவறான பந்துகளால் இலவசமாக முதல் பேஸ்), ஒரு சிங்கிள் (ஒரு பேஸ் வரை போகும் அடி), அப்புறம் ஒரு பன்ட் (பேஸில் நிற்பவர்களை நகர்த்த மெல்லத் தட்டுவது). ஒரு அவுட், இரண்டு பேர் பேஸில். அணியின் தலைசிறந்த ரிலீவர் (ஆட்டத்தின் நடுவில் இறங்கும் பந்து வீச்சாளர்) ஆந்த்ரேஸ் முன்யோஸை அழைக்காமல் எட்வார்ட் பஸார்டோவை அழைத்தார் வில்சன். டொரான்டோவின் ஜார்ஜ் ஸ்பிரிங்கர் இடதுபக்க வேலிக்கு மேல் அடித்தார், மூன்று ரன். 4-3. ஆட்டம் அப்படியே முடிந்தது. மூன்று நாள் முன்புதான் வூவின் பந்து முழங்காலில் பட்டு, ஸ்பிரிங்கர் ஐந்தாவது ஆட்டத்தின் நடுவில் வெளியேறியிருந்தார். அவர் எழுந்து வந்து அடித்த அடி அது. எதிரணி ஆள்தான், ஆனால் அதையும் சேர்த்துப் பார்த்தால்தான் கணக்கு நேராகும்.

என் கருத்தைக் கேட்டால், முன்யோஸைத்தான் அழைத்திருக்க வேண்டும். சீசனே அந்த ஒரு பேட்டரிடம் வந்து நிற்கும்போது சிறந்த ஆளை ஒன்பதாவது இன்னிங்ஸுக்காகச் சேமித்து வைப்பதில் அர்த்தமில்லை. இதில் உங்கள் பக்கம்தான் நான்.

ஆனால் இதை நினைத்துப் பாருங்கள். 2003ல் பாஸ்டன் ரெட் சாக்ஸ் இதே மாதிரி ஏழாவது ஆட்டத்தில், நியூயார்க் யாங்கீஸுக்கு எதிராக, எட்டாவது இன்னிங்ஸில் 5-2 என்று முன்னிலையில் இருந்தது. களைத்துப்போயிருந்த பெட்ரோ மார்டினஸை மேனேஜர் கிரேடி லிட்டில் வெளியே எடுக்கவில்லை. 5-5 ஆனது. பதினோராவது இன்னிங்ஸில் ஆரன் பூன் அடித்த ஹோம் ரனில் பாஸ்டன் தோற்றது. வில்சன் பந்து வீச்சாளரை மாற்றித் தோற்றார், லிட்டில் மாற்றாமல் தோற்றார். பாஸ்டன் ரசிகர்களும் உங்களைப் போலத்தான் அந்தக் குளிர்காலம் முழுக்கத் தூக்கம் கெட்டார்கள். லிட்டிலுக்கு வேலையும் போனது. முன்யோஸ் வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

இன்னொன்று. தொடர் அந்த ஒரு பந்தில் மட்டும் போகவில்லை. டொரான்டோவில் முதல் இரண்டு ஆட்டங்களை வென்றுவிட்டுச் சொந்த மைதானத்துக்கு வந்து 13-4, 8-2 என்று அடுத்தடுத்துத் தோற்றார்களே, அங்கேதான் பாதி போனது. ஆறாவது ஆட்டத்தில் ஃபீல்டிங் பிழைகளும், ஆட்கள் பேஸில் நிற்கும்போது டபுள் பிளேயில் (ஒரே அடியில் இருவர் அவுட்) முடிந்த இன்னிங்ஸ்களும் மீதியைக் கொண்டுபோயின. வில்சன் ஒருவரைத் திட்டுவது மனதுக்கு எளிது. ஒரு முகம் கிடைத்துவிடுகிறது. ஆனால் அந்த முகத்தையே தினம் ராத்திரி பார்த்துக்கொண்டிருந்தால் தூக்கம் எங்கிருந்து வரும்?

தூக்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை. அக்டோபரில் தோற்றதற்கு நவம்பர் வரை தூங்காமல் இருப்பது ரசிகனுக்கு இயல்பு. மாதங்கள் கடந்தும் அப்படியே இருந்தால், வேலையிலும் மனசு ஓடவில்லை என்றால், டாக்டரைப் பாருங்கள். வேறு ஏதோ ஒரு பாரம் பேஸ்பால் பேரைச் சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம்.

உங்கள் கோபத்தில் நியாயமான பங்கும் ஒன்று இருக்கிறது. அதையும் சொல்ல வேண்டும். 2001ல் 116 வெற்றிகள், ஒரு சீசனில் மேஜர் லீக் கண்ட அதிகபட்ச எண்ணிக்கை. அந்த அணியும் யாங்கீஸிடம் தோற்று வேர்ல்ட் சீரீஸுக்குப் போகவில்லை. அதற்குப் பிறகு 2022 வரை பிளேஆஃப் (சீசன் முடிந்ததும் பட்டத்துக்காக நடக்கும் சுற்றுகள்) வாசலையே மிதிக்கவில்லை. நீங்கள் முதன்முதலில் பார்த்த ஃபீலிக்ஸ் 2005லிருந்து 2019 வரை இந்த ஒரே அணிக்காக வீசினார். 2010ல் சிறந்த பந்து வீச்சாளருக்கான சை யங் விருது வாங்கினார், 2012ல் எதிரணியில் ஒருவரைக்கூட பேஸுக்கு விடாத பெர்ஃபெக்ட் கேம் வீசினார். ஆனால் ஒரு பிளேஆஃப் ஆட்டத்தில்கூட அவரால் பந்து வீச முடியவில்லை. 2023ல் ஒரே ஆட்ட வித்தியாசத்தில் பிளேஆஃப் வாய்ப்பு கைநழுவியது. அந்த வருத்தம் ஆறும் முன்பே, பத்தாண்டு காலத்தில் சராசரியாக 54 சதவீத ஆட்டங்களை வெல்வதே இலக்கு என்ற பொருளில் தலைமைப் பொறுப்பில் இருக்கும் ஜெர்ரி டிபோட்டோ பேசினார். ரசிகர்கள் கொதித்ததில் என்ன தப்பு? 2024லும் ஒரே ஆட்டத்தில் வாய்ப்பு போனது. இத்தனையையும் பொறுத்துக்கொண்டு டிக்கெட் வாங்கியவர் நீங்கள். நிர்வாகத்திடம் கணக்குக் கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு.

அதே நேர்மையோடு 2025ஐயும் பாருங்கள். ஜூலையில் ஜாஷ் நேய்லரையும் யூஹேனியோ சுவாரஸையும் அரிசோனாவிலிருந்து கொண்டுவந்தார்கள். 2001க்குப் பிறகு முதல் தடவையாக டிவிஷன் பட்டம், அதாவது தங்கள் பிரிவில் முதலிடம். டெட்ராய்டுடன் பதினைந்து இன்னிங்ஸ் போன அந்த ஆட்டத்தை ஹோர்ஹே பொலாங்கோ முடித்துவைத்தபோது நீங்கள் எங்கே இருந்தீர்கள்? நிச்சயம் தூங்கியிருக்க மாட்டீர்கள். டொரான்டோவுடன் ஐந்தாவது ஆட்டத்தில், எட்டாவது இன்னிங்ஸில், சுவாரஸ் கிராண்ட் ஸ்லாம் (மூன்று பேஸிலும் ஆள் நிற்கும்போது ஹோம் ரன்) அடித்த அந்த ராத்திரி ஸ்பிரிங்கரின் அடியால் நடக்காததாகிவிடுமா? சீசன் முடிந்ததும் நேய்லரை ஐந்து வருட ஒப்பந்தத்தில் தக்கவைத்தார்கள். பொலாங்கோவை நியூயார்க் மெட்ஸிடம் விட்டுவிட்டார்கள், அது எனக்கும் வருத்தம்தான். ராலி, ஜூலியோ இருவரும் நீண்ட ஒப்பந்தத்தில் இருக்கிறார்கள். வூ, கில்பர்ட், கிர்பி என்று மற்ற ஊர்க்காரர்கள் பொறாமைப்படும் பந்து வீச்சு. இது கலைந்துபோகிற அணி இல்லை.

"அடுத்த வருஷம் ஜெயிப்பாங்க" என்று உங்கள் மகள் சொன்னதைக் குழந்தைப் பேச்சு என்று ஒதுக்கிவிட்டீர்கள். அதற்கு ஆதாரம் உண்டு. 2014 வேர்ல்ட் சீரீஸின் ஏழாவது ஆட்டத்தில், சமன் செய்ய வேண்டிய ஆள் மூன்றாவது பேஸில் நிற்கும்போது கான்சாஸ் சிட்டியின் கடைசி அவுட் விழுந்தது. 2015ல் அதே அணி பட்டம் வென்றது. 2003ல் அழுத பாஸ்டன் 2004ல், அதே யாங்கீஸிடம் 0-3 என்று பின்தங்கியிருந்து நான்கையும் வென்று, 1918க்குப் பிறகு முதல் பட்டத்தை எடுத்தது. இதற்கு நேர்மாறும் உண்டு. டெக்சாஸ் ரேஞ்சர்ஸ் 2011 வேர்ல்ட் சீரீஸில் ஒரே ஆட்டத்தில் இரண்டு முறை பட்டத்துக்கு ஒற்றை ஸ்ட்ரைக் (ஒரே ஒரு நல்ல பந்து) தூரம் வரை வந்து தோற்றது. பட்டம் கிடைக்க 2023 ஆனது. ஒரு தோள்பட்டைக் காயம் போதும், ஒரு சீசன் கவிழ. ஆகவே உறுதி எதுவும் நான் தரமாட்டேன். மகளின் வாய்ச்சொல் வெறும் ஆறுதல் இல்லை என்று மட்டும் சொல்கிறேன்.

இப்போது மகளிடம் வருகிறேன். உங்கள் கடிதத்தில் எனக்கு நிஜமாகவே வலித்த இடம் அதுதான். அவள் படத்தை எடுத்தது ராலி மேல் கோபத்தால் என்று எனக்குத் தோன்றவில்லை. அப்பாவுக்குப் பிடிக்காத பேச்சு ஆகிவிட்டது, கண்ணில் படவேண்டாம் என்றுதான் எடுத்திருப்பாள். அவளுடைய வருத்தத்துக்கு இடமே கொடுக்காமல் வீட்டின் வருத்தம் முழுவதையும் நீங்களே எடுத்துக்கொண்டீர்கள். ஆறு மாதம் உங்களோடு உட்கார்ந்து பார்த்தவள் அவள். அவளும்தான் தோற்றாள்.

போய்ப் பேசுங்கள். "அன்னைக்கு அப்பா கத்தினது தப்பு, நீ சொன்னதுதான் சரி" என்று நேராகச் சொல்லுங்கள். சுற்றி வளைக்க வேண்டாம். பதினோரு வயதுப் பிள்ளைக்கு அது போதும். அப்புறம் அந்த சீசனை அவளோடு உட்கார்ந்து திரும்பிப் பாருங்கள், ஏழாவது ஆட்டத்தை அல்ல. ஜூலையில் அட்லாண்டாவில் நடந்த ஹோம் ரன் டெர்பியிலிருந்து தொடங்குங்கள். ராலிக்குப் பந்து போட்டது அவருடைய அப்பா, பின்னால் கேட்சராகக் குந்தியிருந்தது அவருடைய தம்பி. அந்தப் போட்டியை வென்ற முதல் கேட்சர் ராலி. அப்புறம் செப்டம்பர் 24, சியாட்டில். டிவிஷன் பட்டத்தை உறுதிசெய்த அதே ராத்திரி இரண்டு ஹோம் ரன் அடித்து அறுபதைத் தொட்டார். ஒரு கேட்சர், முழங்கால் மடக்கி உட்கார்ந்தே பாதி ஆட்டத்தைக் கழிக்கிறவர், ஒரு சீசனில் 60! இதையெல்லாம் நடக்கும்போதே பார்க்கும் பாக்கியம் உங்கள் இருவருக்கும் கிடைத்தது. அவள் வளர்ந்து வேறு ஊருக்குப் போன பிறகும் பேச இது இருக்கும்.

1995 கதையையும் அவளுக்குச் சொல்லுங்கள். அணி ஊரை விட்டே போய்விடும் என்ற பேச்சு பலமாக இருந்த வருடம். யாங்கீஸுக்கு எதிரான ஐந்தாவது ஆட்டம், பதினோராவது இன்னிங்ஸ், எட்கர் மார்டினஸ் அடித்த டபுளில் (இரண்டு பேஸ் வரை போகும் அடி) கென் கிரிஃபி ஜூனியர் முதல் பேஸிலிருந்து ஓடி வந்து ஹோமில் சறுக்கி வெற்றி ரன் எடுத்தார். அந்த சீசன் கிளப்பிய உற்சாகத்தில்தான் புதிய மைதானத்துக்கு வழி பிறந்தது. இன்று நீங்கள் டிக்கெட் வாங்கும் மைதானம் அதுதான். அந்த வருடமும் அவர்கள் வேர்ல்ட் சீரீஸுக்குப் போகவில்லை, கிளீவ்லாந்திடம் அடுத்த சுற்றில் தோற்றார்கள். இருந்தாலும் சியாட்டிலில் 1995 என்றால் எட்கரின் டபுள்தான் பேச்சு. 1977ன் முதல் ஆட்டத்திலிருந்து 2010 வரை வர்ணனை செய்த டேவ் நீஹாஸ், தன் அணியின் வேர்ல்ட் சீரீஸ் ஆட்டம் ஒன்றைக்கூட வர்ணிக்காமலே காலமானார். அந்த டபுளை அவர் வர்ணித்த ஒலிப்பதிவு கிடைக்கும். மகளுக்குப் போட்டுக் காட்டுங்கள்.

உங்கள் மனைவியின் கேள்வியில் கேலி இருப்பதாக எனக்குப் படவில்லை. பேஸ்பால் பிடிக்க வேண்டும் என்று அவரைக் கட்டாயப்படுத்தாதீர்கள். அவர் கேட்பது முகத்தைப் பற்றி. அணி தோற்ற அன்று அரை மணி நேரம் தனியாக நடந்துவிட்டு வீட்டுக்குள் வாருங்கள். தோற்கும் நாட்கள் நிறைய வரும் என்பதை மனதில் வையுங்கள்: 116 வென்ற 2001 அணியே 46 முறை தோற்றது. ஒவ்வொரு தோல்வியும் சாப்பாட்டு மேசைக்கு வந்தால் எந்தக் குடும்பமும் தாங்காது.

டிக்கெட் விஷயத்துக்கு என் பதில் இது. பங்கை முழுதாகப் புதுப்பிக்க வேண்டாம், முழுதாக விடவும் வேண்டாம். நண்பர்களிடம் பேசிப் பாதியாகக் குறையுங்கள். நிர்வாகத்தின் மேல் குறை இருந்தால் அதைக் காட்டும் வழி உங்கள் பணப்பைதான், அதற்காக வீட்டில் கத்த வேண்டியதில்லை. மிச்சமாகும் பணத்தில் இரண்டு காரியம் செய்யலாம். வசதிப்பட்டால் மார்ச்சில் அரிசோனாவின் பியோரியாவுக்கு, சீசனுக்கு முந்தைய ஸ்பிரிங் டிரெய்னிங் பார்க்க, மூன்று பேரும் போய் வாருங்கள். அங்கே வெற்றி தோல்விக்கு மதிப்பில்லை. வீரர்களை வேலிப் பக்கத்தில் நின்று பார்க்கலாம், உங்கள் மனைவிக்கும் நல்ல வெயில் கிடைக்கும். இல்லையென்றால் ஏப்ரலில், குளிரில் கூட்டம் குறைவாக இருக்கும் ஒரு வார நாள் ஆட்டத்துக்கு, மகளுக்கும் உங்களுக்கும் இரண்டே டிக்கெட் எடுங்கள். எந்த ஆட்டம் என்பதை அவளே தேர்ந்தெடுக்கட்டும். டொரான்டோ வரும் தேதியை அவள் தேர்ந்தெடுத்தாலும் மறுக்காதீர்கள், ஸ்பிரிங்கர் பேட் பிடிக்க வரும்போது அவளோடு சேர்ந்து நீங்களும் "பூஊஊ" என்று கேலிக்கூச்சல் போட்டுவிட்டு வாருங்கள்.