கல்லீரலில் சிறு புள்ளிகள் என்றால் புற்றுநோய் பரவல்தானா?

இல்லை, சிடி ரிப்போர்ட்டில் "புற்றுநோய்ப் பரவலாக இருக்கலாம்" என்று வந்த ஒரு வரியை வைத்து உங்கள் அம்மாவுக்குப் புற்றுநோய் என்று முடிவுகட்ட முடியாது. பித்தப்பைக் கல்லுக்கு எடுத்த ஸ்கேனில் 5 முதல் 10 மில்லிமீட்டர் புள்ளிகள், கல்லீரலின் இரண்டு பக்கமும் தூவினாற்போல, எடை குறையவில்லை என்கிறீர்கள். எனக்கு முதலில் தோன்றுவது பித்தநாள ஹமார்ட்டோமா, அதாவது பிறவியிலேயே அமையும், புற்றுநோய் அல்லாத சின்னக் கட்டிகள். ரிப்போர்ட்டில் வான் மேயன்பர்க் காம்ப்ளெக்ஸ் என்றும் வரும்.

கருவில் பித்தநாளங்கள் உருவாகும்போது சில நுண்குழாய்கள் சரியாக அமையாமல் அப்படியே தங்கிவிடும். பெரும்பாலும் ஒன்றும் செய்யாது. இவ்வளவு சின்னதை சிடி தெளிவாகப் பிரித்துக் காட்டாது, அதனால் ரேடியாலஜிஸ்ட் கெட்டதையும் சேர்த்தே எழுதுவார். அவரைக் குறை சொல்ல முடியாது.

அடுத்தது எம்ஆர்ஐ, கூடவே எம்ஆர்சிபி (பித்தநாளங்களைக் காட்டும் எம்ஆர்ஐ வகை). நீர் உள்ள இடங்களைப் பளிச்சென்று காட்டும் டி2 என்ற எம்ஆர்ஐ படத்தில் நட்சத்திரம் இறைத்த வானம் மாதிரி பளிச்சென்று தெரிந்து, பித்தநாளத்தோடு தொடர்பில்லாமல் இருந்தால் ஹமார்ட்டோமாவுக்கே வாய்ப்பு அதிகம். சந்தேகம் தீராவிட்டால் பயாப்ஸி, அதாவது துளித் திசு எடுத்துச் சோதிப்பது. எப்படியும் பித்தப்பை அறுவை உண்டென்றால், லேப்ராஸ்கோப்பியின்போதே கல்லீரல் மேல் தெரியும் வெள்ளைப் புள்ளி ஒன்றை எடுத்து அனுப்ப முடியுமா என்று சர்ஜனிடம் கேளுங்கள்.

ரத்தத்தில் பார்க்கும் புற்றுநோய்க் குறியீடான சிஏ 19-9 கொஞ்சம் கூடியிருந்தால் உடனே பதறாதீர்கள், பித்தநாளத்தில் கல் அடைத்தாலும் அது ஏறும்.

ஆனால் அம்மாவுக்கு முன்பு மார்பகத்திலோ குடலிலோ புற்றுநோய் வந்திருந்தால் இந்தக் கணக்கு மாறும், டாக்டரிடம் மறைக்காதீர்கள். அப்புறம், ஹமார்ட்டோமா அபூர்வமாகப் புற்றாக மாறியதும் உண்டு. ஏதாவது ஒரு புள்ளி மட்டும் வளர்ந்தாலோ மஞ்சள் காமாலை வந்தாலோ திரும்பப் பார்க்கணும்.