ஆம்ப்ளிஃபயரை மாற்றும் முன் ஸ்பீக்கரை நகர்த்திப் பாருங்கள்

கேள்வி: என் ஹால் 5 மீட்டர் நீளம், 3.5 மீட்டர் அகலம். குறுகலான சுவரில் டிவி, எதிர்ச்சுவரை ஒட்டி சோஃபா. 15 வருடமாக ஒரு 50 வாட் ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயரும், 5 அங்குல வூஃபர் உள்ள ஒரு ஜோடி புக் ஷெல்ஃப் ஸ்பீக்கரும் ஓடிக்கொண்டிருக்கின்றன. ஒரு ஸ்பீக்கர் டிவி கேபினட்டின் தட்டுக்குள் இருக்கிறது, இன்னொன்று மூலையில் அலமாரி மேல். பாட்டுப் போட்டால் பேஸ் ஒரே சுருதியில் ‘தொம் தொம்’ என்று இடிக்கிறது. பாடுகிறவரின் வார்த்தை புரியவில்லை. 100 வாட் ஆம்ப் வாங்கவா, தரையில் நிற்கும் டவர் ஸ்பீக்கருக்குப் போகவா, இல்லை எல்லாவற்றையும் எடுத்துவிட்டு சவுண்ட்பார் மாட்டிவிடவா? வயரையும் மாற்ற வேண்டுமா?

பதில்: இப்போதைக்கு எதையும் வாங்காதீர்கள். ‘ஒன்று தட்டுக்குள், இன்னொன்று அலமாரி மேல்’ என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, வியாதி அங்கேதான் இருக்கிறது.

முதலில் அந்த 100 வாட் ஆசையை முடித்துவிடுவோம். வாட் இரண்டு மடங்கானால் சத்தமும் இரண்டு மடங்காகும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். காது அப்படிக் கணக்குப் போடுவதில்லை. 50-லிருந்து 100 வாட்டுக்குப் போனால் கூடுவது 3 டெசிபல். வால்யூம் குமிழை லேசாகத் திருப்பிய அளவு. சத்தம் இரண்டு மடங்கானதுபோலத் தோன்றவே சுமார் 10 டெசிபல் வேண்டும், அதற்கு பவர் பத்து மடங்கு, அதாவது 500 வாட். உங்கள் ஸ்பீக்கரின் பின்பக்கமோ கையேட்டிலோ ‘சென்சிட்டிவிட்டி’ என்று ஒரு எண் இருக்கும். இந்த அளவு ஸ்பீக்கருக்கு அது பெரும்பாலும் 85, 86 டெசிபல் பக்கம் வரும்: ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தள்ளி அவ்வளவு சத்தம். நான்கு மீட்டர் தள்ளி சோஃபாவில், இரண்டு ஸ்பீக்கரும் சேர்ந்து 75 டெசிபலுக்கு மேல். சாதாரணப் பேச்சே 60 டெசிபல்தான். ஆக, நீங்கள் பாட்டுக் கேட்கும்போது பெரும்பாலான நேரம் ஆம்ப் ஒரு வாட்டைக்கூடத் தாண்டுவதில்லை. மீதி 49 வாட்டும் தாளக்கட்டு திடீரென்று எகிறும் அந்த நொடிகளுக்காகக் காத்துக்கிடக்கிறது. அது போதும்.

சரி, அந்த ‘தொம் தொம்’ எங்கிருந்து வருகிறது? அறையிலிருந்து. ஒலி நொடிக்குச் சுமார் 343 மீட்டர் ஓடுகிறது. எதிரெதிர்ச் சுவர்களுக்கு நடுவே அது போய்த் திரும்பும்போது, அறையின் அளவுக்குச் சரியாகப் பொருந்தும் சில சுருதிகள் மட்டும் ஊதிப் பெருக்கின்றன. கணக்கு சுலபம்: 343-ஐ அந்த நீளத்தின் இரண்டு மடங்கால் வகுங்கள். உங்கள் 5 மீட்டருக்கு 34 ஹெர்ட்ஸ், 3.5 மீட்டருக்கு 49 ஹெர்ட்ஸ். இவற்றின் மடங்குகளிலும் அதே கதைதான். பேஸ் தரும் உங்கள் 5 அங்குல வூஃபர் 34-ஐத் தொடாது. ஆனால் அதன் இரட்டிப்பான 69-ஐ நன்றாகவே அடிக்கும். 49-ஐயும் ஓரளவு எட்டும். பேஸ் கிதார் ஏறி இறங்கி வாசிக்கும்போது இந்தச் சுருதிகள் மட்டும் மற்றவற்றை மிதித்துக்கொண்டு மேலே வரும். ஒரே சுருதியில் இடிப்பதாக நீங்கள் எழுதியது இதைத்தான். மூலையில் வைத்த ஸ்பீக்கர் இவை எல்லாவற்றையும் ஒருசேரத் தட்டி எழுப்புகிறது. போதாக்குறைக்கு உங்கள் தலை சுவரை ஒட்டி இருக்கிறது. இந்த அலைகள் சுவரோரத்தில்தான் உச்சத்தில் நிற்கும்.

நம்பிக்கை இல்லையென்றால் பேஸ் நிறைந்த ஒரு பாட்டைப் போட்டுவிட்டு ஹாலில் மெதுவாக நடந்து பாருங்கள். சோஃபாவில் இடிக்கும் பேஸ் சில அடி முன்னால் வந்ததும் சட்டென்று இளைத்துப்போகும், மூலைக்குப் போனால் மறுபடி உப்பும். இத்தனைக்கும் ஸ்பீக்கர் மாறவில்லை, ஆம்ப் மாறவில்லை, நீங்கள் நான்கு அடி நகர்ந்தீர்கள், அவ்வளவுதான்.

இப்போது ஒரு மாலை நேரத்தை இதற்கு ஒதுக்குங்கள். இரண்டு ஸ்பீக்கரையும் கீழே இறக்கி ஸ்டாண்டில் வையுங்கள். ஸ்டாண்ட் இல்லையென்றால் ஆடாத இரண்டு ஸ்டூல் போதும், சோதனைக்குத்தானே. ட்வீட்டர், அதாவது மேலே இருக்கும் சின்ன டோம், நீங்கள் உட்காரும்போது உங்கள் காது இருக்கும் உயரத்துக்கு வர வேண்டும். சோஃபாவில் உட்கார்ந்து தரையிலிருந்து அளந்து பார்த்தால் ஒரு மீட்டருக்குக் கொஞ்சம் குறைவாக வரும். இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவே 2.2 மீட்டர் விடுங்கள். பக்கச் சுவருக்குத் தலா 65 சென்டிமீட்டர் கிடைக்கும். பின்சுவரிலிருந்து வூஃபர் முகம் வரை 40 சென்டிமீட்டர். பக்கச் சுவருக்கும் பின்சுவருக்கும் ஒரே தூரம் விடாதீர்கள். சுவரில் பட்டுத் திரும்பும் ஒலி ஏதோ ஒரு சுருதியில் நேர் ஒலியை வெட்டிவிடும். இரண்டு தூரமும் ஒன்றானால் இரண்டு வெட்டும் ஒரே இடத்தில் விழுந்து அங்கே பள்ளமாகிவிடும்.

அப்புறம் சோஃபா. இதைச் சொன்னால் வீட்டில் சண்டை வரும் என்று தெரியும், இருந்தாலும் சொல்கிறேன்: சுவரிலிருந்து ஒரு அரை மீட்டராவது முன்னால் இழுங்கள். இரண்டு ஸ்பீக்கரும் உங்கள் தலையும் ஏறக்குறைய சமபக்க முக்கோணமாக அமைந்தால் உத்தமம். உங்கள் ஹாலில் அது கொஞ்சம் நீண்ட முக்கோணமாகத்தான் இருக்கும், பரவாயில்லை. ஸ்பீக்கர் இரண்டையும் உங்கள் பக்கமாக லேசாகத் திருப்பிவிடுங்கள்.

குரல் புரியாததற்கு அந்தக் கேபினட் தட்டு ஒரு முக்கியக் காரணம். தட்டுக்குள் இருக்கும் ஸ்பீக்கர், குடத்துக்குள் வாயை வைத்துப் பேசுகிறவர் மாதிரி. ஒலி வெளியே வரும் முன் பலகையில் நாலு தரம் மோதிவிடுகிறது. போதாததற்கு ஒன்று தாழ, ஒன்று உயர. இரண்டிலிருந்தும் ஒரே நேரத்தில், ஒரே அளவில் காதுக்கு வந்து சேர்ந்தால்தான் பாடகர் நடுவில் நிற்பதுபோல் கேட்கும். இதற்கு ஒரு கண்ணாடி வித்தை உண்டு. நீங்கள் சோஃபாவில் உட்காருங்கள். வேறொருவர் முகம் பார்க்கும் கண்ணாடியைப் பக்கச் சுவரில் ஒட்டி நகர்த்திக்கொண்டே போகட்டும். எந்த இடத்தில் கண்ணாடிக்குள் ட்வீட்டர் தெரிகிறதோ அங்கேதான் ஒலி முதலில் பட்டு உங்களிடம் வருகிறது. வெறும் சுவராக இருந்தால் அந்த இடத்தில் புத்தக அலமாரியோ கனமான திரையோ வந்தால் நல்லது. தரையில் ஸ்பீக்கருக்கும் சோஃபாவுக்கும் நடுவே ஒரு கம்பளம். முட்டை அட்டையைச் சுவரில் ஒட்டினால் சத்தம் அடங்கும் என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு நகர்ந்துவிடுங்கள். பேஸை அது தொடவே தொடாது.

இதற்கு மேலும் இடி மிச்சமிருந்தால், ஸ்பீக்கர் பெட்டியில் ஓட்டை இருக்கிறதா பாருங்கள். போர்ட் என்பார்கள். அதில் சுத்தமான ஒரு காலுறையைச் சுருட்டிச் செருகுங்கள், கைக்கு எட்டாமல் உள்ளே தள்ளிவிட வேண்டாம். பேஸ் குறையும், ஆனால் இறுகும். இடத்துக்குத் தக்கபடி போர்ட்டை மூட சில கம்பெனிகளே ஸ்பீக்கரோடு ஒரு ஸ்பாஞ்சு உருளை கொடுப்பதுண்டு. காலுறை அதன் ஏழைத் தம்பி.

வயர் மாறியிருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். ஆம்பின் சிவப்பு டெர்மினலிலிருந்து போகும் வயர் ஸ்பீக்கரின் சிவப்பில்தான் முடிய வேண்டும். ஒரு பக்கம் மட்டும் கறுப்பில் மாறிப் போனால் ஒரு வூஃபர் முன்னால் தள்ளும்போது இன்னொன்று பின்னால் இழுக்கும். பேஸ் ஒன்றையொன்று தின்றுவிடும், குரல் நடுவில் நிற்காமல் தலையைச் சுற்றி அலையும். நான் ஒருமுறை இந்தத் தவறோடு ஏறக்குறைய ஒரு மாதம் ஓட்டினேன். ஆம்ப் சரியில்லை என்று முடிவுகட்டி வேறு ஆம்பும் வாங்கி வந்து, அதை மாட்டும்போதுதான் வயரைப் பார்த்தேன். உங்களுக்கு பேஸ் அதிகமாக இருப்பதால் இது காரணமாக இருக்க வாய்ப்பு குறைவு. ஆனால் பார்க்க ஒரு நிமிடம்தானே.

15 வருடம் என்றீர்கள். முன்பக்கத் துணி கிரில்லைக் கழற்றி, வூஃபர் கோனைச் சுற்றி இருக்கும் வளையத்தைப் பாருங்கள். ரப்பராக இருந்தால் அநேகமாகப் பிழைத்திருக்கும். ஃபோமாக இருந்தால் காற்றின் ஈரத்தில் மெல்ல மக்கியிருக்கும். தொட்டால் பிசுபிசுவென்று விரலில் ஒட்டும் அல்லது தூளாக உதிரும். உதிர்ந்திருந்தால் வூஃபரைத் தூக்கிப் போட வேண்டியதில்லை, வளையத்தை மட்டும் மாற்றலாம். வளையம் நன்றாக இருந்தால், இரண்டு கட்டைவிரலையும் கோனின் எதிரெதிர்ப் பக்கம் வைத்து மிக மெதுவாக உள்ளே அழுத்துங்கள். சத்தமில்லாமல் போய்வர வேண்டும். ‘கரகர’ என்று உரசினால் உள்ளே காயில் அடிபட்டிருக்கிறது. நடுவில் இருக்கும் மூடியிலும் ட்வீட்டரிலும் கை வைக்காதீர்கள். ஆம்பில் வால்யூம் திருப்பும்போது கொரகொரத்தால் அது குமிழுக்குள் சேர்ந்த அழுக்கு. எலக்ட்ரானிக்ஸ் வேலைக்கென்றே விற்கும் கான்டாக்ட் கிளீனர் அடித்தால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

இவ்வளவும் செய்து ஒரு வாரம் கேட்ட பிறகும் புதிது வேண்டும் என்று தோன்றினால், மாற்ற வேண்டியது ஸ்பீக்கரை. ஒரு ஸ்பீக்கருக்கும் இன்னொரு ஸ்பீக்கருக்கும் காதுக்குத் தெரியும் வித்தியாசம், ஒழுங்காகச் செய்த இரண்டு ஆம்புக்கு நடுவே இருப்பதைவிடப் பல மடங்கு அதிகம். ஆனால் உங்கள் ஹாலுக்கு டவரை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். 49, 69-இல் ஏற்கெனவே இடிக்கும் அறைக்குள் இன்னும் கீழே போகும் பெட்டியைக் கொண்டுவந்தால், இதுவரை தூங்கிக்கொண்டிருந்த 34-உம் எழுந்துகொள்ளும். அதைவிட ஒரு நல்ல புக் ஷெல்ஃப் ஜோடி, பிற்பாடு வேண்டுமானால் ஒரு சப்வூஃபர், அதாவது பேஸுக்கென்றே ஒரு தனிப் பெட்டி. சப்வூஃபரின் வசதி என்னவென்றால் பேஸுக்குத் தோதான இடத்தைத் தனியாகத் தேடிக்கொள்ளலாம். 80 ஹெர்ட்ஸில் பிரித்து, அதற்குக் கீழே இருப்பதை மட்டும் சப்வூஃபருக்குக் கொடுத்தால் பேஸ் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று காதுக்குப் பெரிதாகத் தெரியாது. இடம் தேடுவதற்கு ஒரு வேடிக்கையான வழி உண்டு: சப்வூஃபரை நீங்கள் உட்காரும் இடத்தில் வைத்துவிட்டு, பேஸ் பாட்டு ஒன்றைப் போட்டு, சுவரோரமாக முட்டி போட்டுத் தவழ்ந்து போங்கள். எங்கே பேஸ் ஏற்ற இறக்கமில்லாமல் தெளிவாகக் கேட்கிறதோ அங்கே சப்வூஃபரை வையுங்கள்.

வாங்கப் போகும்போது, பேசும் குரல் ஒன்றையும் உங்களுக்கு மனப்பாடமான பாட்டு ஒன்றையும் கொண்டு போங்கள். மிருதங்கம் இருந்தால் இன்னும் நல்லது. தொப்பியின், அதாவது பேஸ் தரும் பக்கத்தின், கும்காரம் வழுக்கி ஏறுவது தெரிகிறதா, இல்லை வெறும் ‘தொம்’ தானா என்று உடனே பிடிபடும். இரண்டு ஸ்பீக்கரையும் ஒரே சத்தத்தில் வைத்துத்தான் ஒப்பிட வேண்டும். சத்தம் குறைந்தால் காதுக்கு பேஸ் அவ்வளவாக எட்டாது என்பதை அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் ஃப்ளெட்சரும் மன்சனும் 1933-லேயே அளந்து காட்டிவிட்டார்கள். அதனால் துளி சத்தம் கூடுதலாக ஓடும் ஸ்பீக்கர்தான் எப்போதும் ‘நிறைவாக’ இருப்பதுபோல் ஏமாற்றும். நேரே உட்கார்ந்து கேட்டபின் பக்கவாட்டில் நகர்ந்தும் கேளுங்கள். கனடாவின் தேசிய ஆராய்ச்சி மன்றத்தில் ஃபிளாய்ட் டூல் 1980-களில் திரைக்குப் பின்னால் ஸ்பீக்கர்களை ஒளித்துவைத்து ஆட்களைக் கேட்கச் சொன்னார். பெயரும் பளபளப்பும் கண்ணில் படாதபோது, எந்தச் சுருதியையும் தூக்கிக் காட்டாமல், பக்கவாட்டிலும் அதே குணத்தோடு ஒலித்த ஸ்பீக்கர்களையே பெரும்பாலோர் தேர்ந்தெடுத்தார்கள். முதல் ஐந்து நிமிடத்தில் ‘பளிச்’ என்று மயக்கும் ஸ்பீக்கர் வீட்டுக்கு வந்தபின் தலைவலியாகும். புதிய ஸ்பீக்கர் 4 ஓம் என்றால் மட்டும், உங்கள் ஆம்பின் பின்னால் அது அனுமதிக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். 8 ஓமைவிட அது இரண்டு மடங்கு கரண்ட் இழுக்கும்.

சவுண்ட்பார் டிவி வசனத்துக்குச் சரி. பாட்டுக்காகவே உட்காருகிறவர் நீங்கள் என்று கடிதம் சொல்கிறது. ஒரு மீட்டர் குழாயிலிருந்து அந்த அகலம் வராது. டிவி சத்தமும் இந்த ஸ்பீக்கரில் வேண்டுமென்றால், டிவியின் ஆப்டிகல் அவுட்டிலிருந்து டிஜிட்டல் சிக்னலை அனலாக்காக மாற்றும் ஒரு சின்ன டேக் (DAC) பெட்டி வழியாகப் பழைய ஆம்பின் ஆக்ஸ் இன்புட்டுக்குக் கொடுங்கள். டிவி செட்டிங்கில் டிஜிட்டல் அவுட்புட்டை ‘பிசிஎம்’ என்று மாற்றவில்லையென்றால் பல சமயம் சத்தமே வராது. பெட்டி பழுது என்று திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள்.

கடைசியாக வயர். 5 மீட்டர் வரை 1.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர் தாராளம். போய்வரும் 10 மீட்டருக்கும் சேர்த்து அதன் தடை ஓமில் எட்டில் ஒரு பங்குகூட வராது. அதற்கு மேல் தூரம் போனால் 2.5 எடுங்கள். செம்புதானா என்று மட்டும் பாருங்கள், அலுமினியத்தின் மேல் செம்பு பூசியதும் அதே நிறத்தில்தான் இருக்கும். மாட்டும் முன் ஆம்பை அணைத்துவிடுங்கள். முனையை ஒரு சென்டிமீட்டருக்கு மேல் உரிக்காமல், இழைகளை இறுக்கமாக முறுக்கிச் செருகுங்கள். ஒரே ஒரு இழை பிரிந்து பக்கத்து டெர்மினலைத் தொட்டாலும் ஆம்பின் அவுட்புட் பகுதி கருகிப்போகலாம்.