கார்பன் சைக்கிள் வாங்கலாமா? – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

உங்கள் சைக்கிள் கட்டுரைகளைத் தொடர்ந்து படிக்கிறேன். வயது 41, எடை 74 கிலோ, ஊர் சேலம். இப்போது ஓட்டுவது நேர் ஹேண்டில்பார் உள்ள ஹைபிரிட். வாரநாட்களில் காலையில் நாமக்கல் சாலையில் 40 கி.மீ., ஞாயிற்றுக்கிழமை முடிந்தால் ஏற்காடு. அடுத்த வருஷம் 200 கி.மீ. பிரவே (குறித்த நேரத்துக்குள் ஓட்டி முடிக்கும் நெடுந்தூர சவாரி) ஒன்றை முடித்துவிட ஆசை. எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே ரோடு பைக் வாங்க நினைக்கிறேன். கடையில் இரண்டு காட்டினார்கள். ஒன்று அலுமினியம், 1.3 லட்சம். இன்னொன்று கார்பன் இழையில் செய்தது, ரேஸ் மாடல், 2.1 லட்சம். கார்பன் ஓட்டிவிட்டால் அலுமினியத்தைத் தொடவே மாட்டீர்கள் என்கிறார் கடைக்காரர். கீழே விழுந்தால் உடைந்துவிடுமே என்கிறார்கள் வீட்டில். 60 கி.மீ. தாண்டினால் எனக்கு இடுப்பு வலிக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். நண்பர் ஒருவர் தன் பழைய கார்பன் வண்டியைப் பாதி விலைக்குத் தருவதாகவும் சொல்கிறார். எதை வாங்கட்டும்?

கு., சேலம்

அன்புள்ள கு.,

கார்பன் வாங்குங்கள், ஆனால் கடையில் காட்டிய ரேஸ் மாடல் வேண்டாம். அதே பணத்துக்கு, நீண்ட தூரம் அதிகம் குனியாமல் ஓட்டுவதற்கென்று செய்த எண்டூரன்ஸ் வகைக் கார்பன் கிடைக்கிறதா என்று தேடுங்கள். கிடைக்காவிட்டால் எண்டூரன்ஸ் அலுமினியம் ஒன்றை எடுத்துக்கொண்டு, மிச்சத்தில் நல்ல டயர் போடுங்கள். 60 கிலோமீட்டரில் இடுப்பு வலிக்கும் உங்களை ரேஸ் ஃபிரேமில் 200 கிலோமீட்டர் குனிய வைக்க எனக்கு மனசில்லை. பிரவேக்குக் கொடுக்கும் நேரம் பதின்மூன்றரை மணி. அதில் பாதிக்கு மேல் சீட்டில்தான் கழியும்.

முதலில் எடையைப் பார்த்துவிடலாம், கடையில் எல்லோரும் வண்டியைத் தூக்கிப் பார்த்துத்தான் மயங்குகிறார்கள். உங்கள் விலையில் உள்ள கார்பனுக்கும் அலுமினியத்துக்கும் ஒரு கிலோ, மிஞ்சினால் ஒன்றரை கிலோ வித்தியாசம் இருக்கும். நீங்கள், வண்டி, தண்ணீர், உடை எல்லாம் சேர்ந்து சுமார் 86 கிலோ. ஒரு கிலோ குறைந்தால் ஒன்றேகால் சதவீதம்கூட இல்லை. ஏற்காட்டின் 20 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி முடிக்க உங்களுக்கு ஒன்றரை மணி நேரம் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். மிச்சமாவது ஒரு நிமிஷம். நாமக்கல் சாலையில் அதுவும் கிடையாது, அங்கே உங்களோடு மல்லுக்கு நிற்பது காற்று.

ஏற்காட்டில் எடையைவிடக் கியர்தான் கை கொடுக்கும். ரேஸ் மாடல்களில் பெரும்பாலும் முன் பல்சக்கரங்களில் 52/36 பல், பின்னால் 11-30 பல் கொடுப்பார்கள். மிகச் சிறிய கியரில் 36-ஐ 30-ஆல் வகுத்தால் 1.2. எண்டூரன்ஸில் 50/34, 11-34 என்று வரும். அங்கே 34-க்கு 34, அதாவது பெடல் ஒரு சுற்று, சக்கரமும் ஒரு சுற்று. இந்த வித்தியாசத்தைப் பத்தாவது வளைவுக்கு மேல் முழங்கால் நன்றாகவே உணரும்.

அடுத்தது ஃபிரேமின் வடிவம். நான் மிக அதிகம் வலியுறுத்துவது இதைத்தான். ஒவ்வொரு கம்பெனியும் தன் தளத்தில் அளவு அட்டவணை போட்டிருக்கும். அதில் ‘ஸ்டாக்’ என்று ஒரு வரி இருக்கும். பெடல் அச்சின் மையத்திலிருந்து ஹேண்டில் குழாயின் (ஃபிரேமின் முன்முனையில் உள்ள குட்டைக் குழாய்) மேல் விளிம்பு வரைக்கும் நேர் செங்குத்து உயரம் அது. அச்சிலிருந்து அதே விளிம்பு வரை முன்பக்கமாக உள்ள கிடைத்தூரம் ‘ரீச்’. உங்கள் ஹைபிரிட்டை வீட்டில் சுவரோரம் நேராக நிறுத்துங்கள். தரையிலிருந்து பெடல் அச்சின் மையம் எத்தனை, தரையிலிருந்து ஹேண்டில் குழாயின் மேல் விளிம்பு எத்தனை என்று டேப்பால் அளந்து கழித்தால் உங்கள் ஸ்டாக் வந்துவிடும். அப்புறம் ஒரே சைஸில் ரேஸ், எண்டூரன்ஸ் இரண்டின் எண்களையும் பக்கத்தில் எழுதுங்கள். எண்டூரன்ஸ் வழக்கமாக 2 செ.மீ. அல்லது கொஞ்சம் கூடுதலாக உயர்ந்திருக்கும். கேட்க அற்பமாகத் தெரியும், நூறாவது கிலோமீட்டரில் இடுப்பு அதைத் துல்லியமாகக் கணக்குப் பார்க்கும். ரீச்சை மட்டும் ஹைபிரிட்டோடு ஒப்பிட வேண்டாம். ரோடு பைக்கின் வளைந்த ஹேண்டில்பாரில் கை இன்னும் முன்னால் போகும் என்பதால் ஃபிரேமின் ரீச் குறைவாகத்தான் இருக்கும்.

அதே தளத்தில் எவ்வளவு அகல டயர் நுழையும் என்றும் பாருங்கள். ஜெயன்ட் கம்பெனியையே எடுத்துக்கொள்ளுங்கள். 2024-இல் வந்த டிசிஆர், அவர்களுடைய ரேஸ் வண்டி, 33 மி.மீ. வரை ஏற்கும். டெஃபை அவர்களுடைய எண்டூரன்ஸ், அது 38 வரை. டிரெக் கம்பெனியின் எண்டூரன்ஸ் வண்டியான டொமேனும் 38, மெரிடாவின் ஸ்கல்டுரா எண்டூரன்ஸ் 35. நம் சாலைக்கு 32 மி.மீ. டயர் போட்டு, உங்கள் எடைக்கு 60 பிஎஸ்ஐ ஒட்டிக் காற்று வைத்தால் போதும். 25 மி.மீ. டயரில் 100 பிஎஸ்ஐ ஏற்றி ஓட்டியவருக்கு இது வேறு உலகம். கார்பன் என்றால் மெத்து என்று கடைக்காரர் சொல்வதில் பெரும்பங்கு டயருக்குச் சேர வேண்டிய பெருமை. அலுமினிய வண்டிகளிலும் இந்த விலைக்கு, முன்சக்கரத்தைப் பிடிக்கும் ஃபோர்க் கார்பனில்தான் வருகிறது, தெரியுமா?

அப்படியானால் கார்பன் எதற்கு என்று கேட்பீர்கள். வாழை நாரை நீளவாக்கில் இழுத்தால் லேசில் அறாது, குறுக்கே பிரித்தால் வந்துவிடும். கார்பன் இழையும் அப்படித்தான். பிசின் ஊறிய தாள்களை நூற்றுக்கணக்கான துண்டுகளாக வெட்டி, எந்த இடத்தில் எந்தத் திசைக்கு பலம் வேண்டுமோ அந்தத் திசையில் கையால் அடுக்கி, அச்சில் வைத்துச் சூடாக்குகிறார்கள். பெடல் பக்கம் விறைப்பாகவும், சீட் பக்கம் கொஞ்சம் வளைந்து கொடுக்கும்படியும் ஒரே ஃபிரேமில் செய்ய முடிவது இதனால். நன்றாக அடுக்கிய ஃபிரேமில் நீண்ட தூரம் போகையில் இது தெரியும், அதனால்தான் வாங்கச் சொல்கிறேன். டி700, டி800 என்று எழுதியிருப்பது டோரே கம்பெனி இழையின் ரகம் மட்டுமே, அடுக்கிய நேர்த்தியை அது சொல்லாது. பெரிய பெயர் ஒட்டிய ஃபிரேம் இணையத்தில் கால் விலைக்கு வந்தால் தொடாதீர்கள், போலிகள் நிறைய.

உடைந்துவிடும் என்ற வீட்டார் பயத்தில் பாதி நியாயம். சாதாரணக் குழியில் இறங்கினால் கார்பன் ஃபிரேம் உடையாது. வண்டி சாய்ந்து கூரான கல்லில் ஃபிரேம் மோதினால் விரிசல் விடலாம். அதைவிட அதிகம் கெடுப்பது ஸ்பேனர்தான். சீட் போஸ்ட் போல்ட்டில் ‘5 என்எம்’ என்பதுபோல அச்சிட்டிருக்கும், எவ்வளவு முறுக்கலாம் என்ற அளவு (நியூட்டன் மீட்டர்) அது. கை பலத்தில் எல்-கீயைத் திருகினால் அது எங்கே தாண்டுகிறது என்று தெரியாது. வண்டியோடு அந்த அளவைப் பார்த்து முறுக்க ஒரு டார்க் ரெஞ்சும், போஸ்ட் வழுக்காமல் பிடிக்கக் கார்பன் பேஸ்ட்டும் வாங்கிவிடுங்கள். கழுவும்போது மேல் குழாயை ஸ்டாண்டில் கவ்வ விடாதீர்கள், சீட் போஸ்ட்டைக் கவ்வட்டும். வியர்வை உப்புக்கு அலுமினியமும் கார்பனும் தொடும் இடத்தில் அரிப்பு வரும். அலுமினிய சீட் போஸ்ட் என்றால் சில மாதத்துக்கு ஒருமுறை உருவித் துடைத்துப் போடுங்கள், இல்லாவிட்டால் உள்ளேயே இறுகிவிடும்.

பாகங்களில் ஷிமானோ 105 மெக்கானிக்கல், அதாவது கேபிளில் இயங்கும் கியர் செட், 12 ஸ்பீடு, தாராளமாகப் போதும். எலக்ட்ரானிக் கியருக்கு இந்த பட்ஜெட்டில் பணம் கொடுக்க வேண்டாம். பாட்டம் பிராக்கெட் (பெடல் அச்சின் பேரிங்) மரை வைத்ததாக இருந்தால் நல்லது, அழுத்திப் பொருத்தும் வகை சத்தம் போட ஆரம்பித்தால் ஊரில் சரிசெய்யும் ஆளைத் தேட வேண்டியிருக்கும். கேபிள் எல்லாம் ஹெட்செட்டுக்குள் (ஹேண்டில் குழாயின் பேரிங்) நுழையும் வண்டி பார்க்க அழகு. பேரிங் ஒன்று மாற்றப் பாதி வண்டியைப் பிரிக்க வேண்டும். தவிர்க்க முடிந்தால் தவிருங்கள்.

நண்பரின் வண்டி. அது உங்கள் சைஸா என்று முதலில் பாருங்கள், இல்லையென்றால் பாதி விலையும் வீண். சைஸ் சரியென்றால் சக்கரங்களைக் கழற்றி, ஃபிரேமைத் துடைத்து, வெயிலில் வைத்துப் பாருங்கள். பெடல் அச்சைச் சுற்றி, செயின் பக்கக் குழாய், ஹேண்டில் குழாயின் கீழ்ப்பகுதி, சீட் கிளாம்ப், இந்த நான்கு இடமும் முக்கியம். சந்தேகம் வந்த இடத்தில் ஒரு ரூபாய் நாணயத்தால் தட்டிக்கொண்டே நகருங்கள். கணீரென்று வந்த சத்தம் ஓரிடத்தில் மட்டும் மந்தமானால் உள்ளே அடுக்கு விட்டிருக்கலாம். மெல்லிய கோடு பெயின்ட்டில் மட்டும்தானா என்று நகத்தால் பார்த்து முடிவுசெய்ய முடியாது, தெரிந்த மெக்கானிக்கிடம் காட்டுங்கள். ஃபோர்க்கைக் கழற்றி அதன் தண்டையும் பார்த்துவிடச் சொல்லுங்கள், அது முறிந்தால் முகத்தில்தான் அடி. கடைசியாக, சீட் போஸ்ட்டை உங்கள் கண்முன்னே உருவிக் காட்டச் சொல்லுங்கள். வரவில்லை என்றால், எவ்வளவு குறைத்தாலும் அந்த வண்டி வேண்டாம்.

அன்புடன்