கோத்தகிரி ஏற முழு கியர் செட்டையும் மாற்ற வேண்டுமா?

கேள்வி: எனக்கு வயது 43, எடை 78 கிலோ. கோவையில் இருக்கிறேன். என் ரோடு பைக்கில் ஷிமானோ டியாக்ரா 4700 கியர் செட், 10 ஸ்பீடு (பின்னால் பத்து பல்சக்கரம்). முன்னால் 50-34 பல், பின்னால் 12-28 கேசட் (பின்சக்கரத்தின் பல்சக்கரத் தொகுப்பு). மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரிக்கு இரண்டு முறை முயன்றேன். இரண்டு முறையும் பாதி வழியில் முழங்கால் வலி வந்து திரும்பிவிட்டேன். கடையில் முழு செட்டையும் மாற்றச் சொல்கிறார்கள், நாற்பதாயிரம் ஆகுமாம். இன்னொருவர் 42 பல் எம்டிபி (மவுண்டன் பைக்) கேசட் போடலாம் என்கிறார். பின்னால் கியர் மாற்றும் டீரெய்லரில் ஜிஎஸ் என்று எழுதியிருக்கிறது. எதை மாற்றுவது?

பதில்: கேசட்டையும் செயினையும் மட்டும் மாற்றுங்கள். 11-34 பல் உள்ள 10 ஸ்பீடு கேசட், அதற்குப் புது செயின், அவ்வளவுதான். நாற்பதாயிரம் கேட்டவரிடம் நன்றி சொல்லிவிட்டு வந்துவிடுங்கள்.

மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரி சுமார் 33 கிலோமீட்டர். அந்த தூரத்துக்குள் கிட்டத்தட்ட 1,450 மீட்டர் உயரம் ஏறுகிறீர்கள். சராசரியைப் பார்த்தால் நூறு மீட்டருக்கு நாலரை மீட்டர்தான், பயமில்லை என்று தோன்றும். ஆனால் ஆரம்பத்தில் சமதளம், நடுவே கொஞ்சம் இளைப்பாறும் இடம் எல்லாம் அந்தக் கணக்கில் சேர்ந்துவிடுகின்றன. மற்ற இடங்களில் ஏற்றம் அதைவிடக் கூடுதலாகவே இருக்கும். அங்கே மணிக்கு ஏழு கிலோமீட்டர் வேகத்தில் போகிறீர்கள் என்று வையுங்கள். முன்னால் 34, பின்னால் 28 என்றால் நிமிடத்துக்கு 45 சுற்றுதான் மிதிக்க முடியும். ஒவ்வொரு மிதியும் மாடிப்படியில் மூட்டையோடு ஏறுவது மாதிரி. பின்னால் 34 இருந்தால் அதே வேகத்துக்கு 55 சுற்று வரும். மிதிக்கு மிதி கால் கொடுக்க வேண்டிய விசை 100 என்றால், அது 82 ஆகக் குறையும். இரண்டு மூன்று மணி நேரம் தொடர்ந்து ஏறும்போது இந்த 18 தான் முழங்காலைக் காப்பாற்றும். ஒன்று மட்டும் கவனியுங்கள்: சமதளத்தில் ஓட்டும்போதும் வலித்தால் அது கியர் விஷயம் இல்லை. சீட் உயரத்தைச் சரிபாருங்கள், மருத்துவரையும் பாருங்கள்.

"34 பல் போடுவது பலவீனம், பழகினால் 28 போதும்" என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள். ஷிமானோவின் உச்ச ரகமான டியூரா ஏஸ் 12 ஸ்பீடிலேயே 11-34 கேசட் இருக்கிறது. மலைப் போட்டிகளில் உலகத்தர வீரர்களே பெரிய கேசட்டுக்கு மாறிவிட்டார்கள். வீட்டையும் வேலையையும் பார்த்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை மட்டும் மலை ஏறுகிற மனிதருக்கு 28 எதற்கு? புது பைக் விற்கும் நிறுவனங்கள் மேல் எனக்கு இதில் கோபமே உண்டு. விளம்பரத்தில் "10 ஸ்பீடு" என்று பெரிதாகப் போடுகிறார்கள். எத்தனை பல் என்பதை ஏதோ ஒரு மூலையில் ஒளித்து வைக்கிறார்கள். வாங்குபவருக்கு அதுதானே முக்கியம்?

டீரெய்லரில் ஜிஎஸ் இருப்பது நல்ல செய்தி. செயினைத் தள்ளிக் கியர் மாற்றும் அந்தப் பாகத்தின் கூண்டு உங்களுக்குச் சற்று நீளமானது. 34 பல் வரை தாங்கும் என்று தயாரிப்பாளரே சொல்லியிருக்கிறார். 42 பல் எம்டிபி கேசட்டை மறந்துவிடுங்கள். அதைப் போட டீரெய்லரைக் கீழே இறக்கும் ஒரு நீட்டிப்புத் துண்டை மாட்டுவார்கள். கடையில் ஸ்டாண்டில் சுற்றும்போது அழகாக வேலை செய்யும். கொண்டை ஊசி வளைவில், முழு பலத்தோடு மிதித்துக்கொண்டு கியர் மாற்றும்போதுதான் தடுமாறும்.

இப்போது உங்கள் ரகத்துக்கே உரிய ஒரு பொறி. இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். டியாக்ரா 4700-க்கும் அதற்கு முந்தைய 10 ஸ்பீடு ரோடு ரகங்களுக்கும் கேபிள் இழுக்கும் அளவு வேறு. நீங்கள் ஷிஃப்டரை (கைப்பிடியில் கியர் மாற்றும் நெம்பை) ஒரு முறை தட்டும்போது கேபிள் எத்தனை மில்லிமீட்டர் நகர்கிறது என்பதைத்தான் சொல்கிறேன். 4700 வந்தபோது இந்த அளவை 11 ஸ்பீடு செட்களோடு சேர்த்துவிட்டார்கள். பல்சக்கரம் பத்துதான், கேபிள் இழுக்கும் அளவு மட்டும் 11 ஸ்பீடுடையது. ஆகவே பழைய டியாக்ராவான 4600, அல்லது பழைய 105 ரகமான 5700, அல்லது 10 ஸ்பீடு எம்டிபி டீரெய்லர் எதுவும் உங்கள் ஷிஃப்டரோடு சேராது. ஒரு பல்சக்கரம் நகர வேண்டிய இடத்தில் பழைய ரோடு டீரெய்லர் அளவை மீறித் தள்ளும், எம்டிபி டீரெய்லர் போதுமான அளவு நகராது. எத்தனை முறை டியூன் செய்தாலும் சரியாகாது. எனக்கே இது நடந்தது. டீரெய்லர் அடிபட்டபோது ஒரு கடைக்காரர் "10 ஸ்பீடுதானே சார், எல்லாம் ஒன்றுதான்" என்று பழைய ரகத்தை மாட்டிவிட்டார். மூன்று வாரம் அலைந்து, கேபிள், அவுட்டர், ஹேங்கர் என்று ஒவ்வொன்றாக மாற்றி, கடைசியில்தான் காரணம் புரிந்தது. அந்தப் பணம் திரும்பி வரவேயில்லை. அதனால் நாளைக்கு டீரெய்லர் உடைந்தால் ஆர்டி-4700 என்ற எண்ணைப் பார்த்து மட்டும் வாங்குங்கள்.

கேசட்டுக்கு இந்தச் சிக்கல் கிடையாது. 10 ஸ்பீடு கேசட்களில் பல்சக்கரங்களுக்கு இடையே உள்ள இடைவெளி மாறவில்லை. ஷிமானோ எச்ஜி500 என்ற 11-34 உங்களுக்குப் பொருந்தும். கடையில் இல்லை என்று சொல்லி "இருப்பது முழு செட்தான்" என்றால் வேறு கடைக்குப் போங்கள், அல்லது ஆர்டர் செய்து காத்திருங்கள். இணையத்தில் பாதி விலைக்கு வருவதை நம்பாதீர்கள். போலிச் செயின்களும் கேசட்களும் நிறையச் சுற்றுகின்றன.

செயின் விஷயத்தில் மெக்கானிக் சொல்வதைக் கேட்டு விட்டுவிடாதீர்கள். "பழைய செயினே ஓடும்" என்பார். உங்கள் பழைய செயின் 28 பல்லுக்கு அளந்து வெட்டியது. 34-க்கு அது குட்டை. தவறிப்போய் முன்னால் 50, பின்னால் 34 என்று விழுந்தால் செயின் விறைத்து டீரெய்லரையே பிய்த்துவிடும். புது செயினை மாட்டியதும், பைக் ஸ்டாண்டில் இருக்கும்போதே, கையால் பெடலை மெதுவாகச் சுற்றி அந்த இரண்டு பெரிய பற்களிலும் விழச் செய்யச் சொல்லுங்கள். டீரெய்லர் கொஞ்சமாவது மடங்கி நிற்க வேண்டும். நேராக இழுத்து நின்றால் செயின் நீளம் போதாது. அப்புறம் டீரெய்லருக்கும் கேசட்டுக்கும் இடைவெளியைச் சரிசெய்யும் பி-ஸ்க்ரூவைச் சற்றுத் திருகி, 34 பல்லில் டீரெய்லரின் மேல் சக்கரம் உரசாமல் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

இழப்பு ஒன்று உண்டு, மறைக்க மாட்டேன். இப்போது உங்களுக்கு 13, 14, 15 என்று நெருக்கமாக இருக்கும். புதியதில் 14 கிடையாது. அவினாசி ரோட்டில் நண்பர்களோடு வேகமாகப் போகும்போது, ஒரு கியர் கனமாகவும் அடுத்தது லேசாகவும் தோன்றலாம். அதே சமயம் 17, 19, 21, 23 அப்படியே இருக்கின்றன, லேசான ஏற்றத்தில் அதிகம் பயன்படுவது அவைதான்.

கல்லட்டி மாதிரி 36 கொண்டை ஊசி உள்ள பாதைக்கு இது போதுமா என்றால், எல்லோருக்கும் போதாது. கோத்தகிரிக்குப் போதும். பழைய 12-28 கேசட் தேயாமல் இருந்தால் தூக்கிப் போடாதீர்கள். புது செயினின் நீளம் இரண்டுக்கும் பொருந்தும். மலைக்குப் போகாத மாதங்களில் அதை மாட்டி ஓட்டுங்கள்.