சிறுநீர் கழித்த பிறகும் சொட்டுகிறதா?

கேள்வி: எனக்கு 52 வயது. சிறுநீர் கழித்துவிட்டு நாலு எட்டு வைத்ததும் சில சொட்டுகள் உள்ளாடையை நனைத்துவிடுகின்றன. கீகல் பயிற்சி செய்யச் சொன்னார்கள். தினமும் சிறுநீரைப் பாதியில் நிறுத்தி நிறுத்திப் போகிறேன். மூன்று வாரமாகியும் பலன் இல்லை. இது பெண்களுக்கான பயிற்சியோ?

பதில்: முதலில் அப்படி நிறுத்தி நிறுத்திப் போவதை விட்டுவிடுங்கள். கீகல் என்பது இடுப்பின் அடித்தசைகளை இறுக்கித் தளர்த்தும் பயிற்சி. எந்தத் தசை என்று தெரிந்துகொள்ள ஒரு தடவை சிறுநீரை நிறுத்திப் பார்க்கலாம், அவ்வளவுதான். வழக்கமாக்கினால் சிறுநீர்ப்பை முழுசாகக் காலியாகாமல் போகலாம்.

பெண்களுக்கானது என்று தோன்றுவதில் வியப்பில்லை. அமெரிக்க மகளிர் மருத்துவர் ஆர்னால்டு கீகல் 1948-இல் இதைப் பெண்களுக்காகத்தான் எழுதினார். ஆனால் இடுப்பின் அடியில் முன் எலும்பிலிருந்து வால் எலும்புவரை பரவியிருக்கும் இந்தத் தசைகள் ஆண்களுக்கும் உண்டு. புராஸ்டேட் அறுவைக்குப் பின் வரும் கசிவுக்கு இதையே கற்றுத்தருகிறார்கள்.

உங்கள் சிக்கல் பெரும்பாலும் பையில் இல்லை, குழாயில். சிறுநீர்க்குழாய் விரைப்பைக்குப் பின்னால் வளைகிற இடத்தில் கொஞ்சம் தங்கிவிடும். அதைச் சுற்றியுள்ள தசை கடைசியில் பிழிந்து வெளியேற்ற வேண்டும். அது தளர்ந்திருந்தால், நடக்கும்போது சொட்டும். இதற்கு இன்றே செய்யக்கூடிய வழி ஒன்று உண்டு: போய் முடித்ததும் சில விநாடி பொறுங்கள். விரைப்பைக்குப் பின்னால் விரல்களை வைத்து, மெதுவாக அழுத்தியபடி முன்னோக்கி நகர்த்துங்கள். தங்கியது வந்துவிடும்.

இனி பயிற்சி. மல்லாந்து படுத்து முழங்கால்களை மடக்கிக்கொள்ளுங்கள். வாயு வெளியேறாமல் அடக்குவதுபோல் ஆசனவாயைச் சுருக்கி, கூடவே சிறுநீரை அடக்குவதுபோல் முன்பக்கத்தையும் உள்ளிழுங்கள். சரியாகச் செய்தால் ஆண்குறியின் அடிப்பகுதி உள்வாங்கும், விரைகள் சற்று மேலேறும். கண்ணாடியில் பார்த்துக்கொள்ளலாம், கூச்சப்பட ஒன்றுமில்லை. பலர் பிட்டத்தையும் வயிற்றையும் இறுக்கி, மூச்சையும் பிடித்துக்கொண்டு, பயிற்சி முடிந்தது என்று நினைக்கிறார்கள். அதில் வேலை செய்வது வேறு தசைகள்.

மூன்று விநாடி பிடித்து, அதே அளவு நேரம் முழுசாகத் தளர்த்துங்கள். போகப் போகப் பத்து விநாடிவரை கூட்டலாம். ஒரு வேளைக்குப் பத்து முறை, நாளுக்கு மூன்று வேளை. அப்புறம் சட்சட்டென்று சில வேகமான சுருக்கங்கள். படுத்துப் பழகியபின் உட்கார்ந்தும் நின்றும் செய்யுங்கள். இருமுவதற்கும் கனம் தூக்குவதற்கும் முன் ஒரு முறை இறுக்குவது நல்ல பழக்கம். மூன்று வாரம் போதாது. மூன்று மாதமாவது கொடுங்கள்.

விறைப்புக் குறைபாட்டுக்கும் இது சிலருக்கு உதவுகிறது. 2005-இல் வெளியான பிரிட்டன் ஆய்வு ஒன்றில், இப்பயிற்சியும் வாழ்க்கைமுறை மாற்றமும் மேற்கொண்ட 55 ஆண்களில் 40 சதவீதம் பேர் ஆறு மாதத்தில் இயல்பு நிலைக்குத் திரும்பினார்கள். அதற்காகச் சர்க்கரை, ரத்த அழுத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள்.

எல்லோருக்கும் இறுக்குவதே மருந்து என்றும் இல்லை. அடியிடுப்பில் வலி, விந்து வெளியேறும்போது வலி, சிறுநீர் வரத் தாமதம் இருந்தால் தசை ஏற்கெனவே இறுகியிருக்கலாம். அவர்களுக்குத் தளர்த்தும் பயிற்சிதான் தேவை. இதில் அனுபவமுள்ள பிசியோதெரபிஸ்ட் சோதித்துச் சொல்வார். சிறுநீரில் ரத்தம், எரிச்சல், மெலிந்த தாரை, இரவில் பலமுறை எழுவது இவற்றில் எது இருந்தாலும், பயிற்சியை நம்பிக் காத்திருக்காமல் சிறுநீர்ப்பாதை மருத்துவரை (யூராலஜிஸ்ட்) பாருங்கள். சிறுநீர் அடியோடு வராமல் நின்றுவிட்டால் அன்றே, உடனே.